இங்கிலாந்தில் பார்க் ஹோம்: வீடு உங்களுடையது, அடிமனை வேறொருவருடையது

இங்கிலாந்தில் ஓய்வு வயதை நெருங்குகிறவர்கள் கண்ணில் அடிக்கடி படும் பார்க் ஹோம் விளம்பரம் இது. கடலுக்குப் பக்கத்தில் அமைதியான வளாகம், இரண்டு படுக்கையறை, புத்தம்புதுச் சமையலறை, ஏற மாடிப்படி கிடையாது, கட்ட ஸ்டாம்ப் டியூட்டி கிடையாது. அதே ஊரில் இருக்கும் பங்களாவைவிட (இங்கே பங்களா என்றால் மாடியில்லாத வீடு) விலையும் வெகு குறைவு. இதில் சொல்வதெல்லாம் பெரும்பாலும் உண்மைதான். அப்படியிருந்தும், சில ஆண்டு கழித்து அந்த வீட்டை விற்கப் போகிறவர்கள் கைக்கு வந்த தொகையைப் பார்த்துத் திகைக்கிறார்களே, ஏன்? பதில் தெரிய வேண்டுமானால் முதலில் இந்த வீடு சட்டத்தின் கண்ணில் என்ன என்று பார்க்க வேண்டும்.

(இங்கே சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும். வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து மூன்றிலும் விதிகள் சற்று வேறுபடும்.)

சட்டப்படி இது ஒரு கேரவன்

அடிப்பக்கத்தை மறைக்கச் செங்கல் பாவாடை கட்டி, முன்னால் ரோஜாச்செடி வைத்து, கூரையில் ஓடு போட்டது போல அலங்கரித்திருந்தாலும், சட்டம் பார்க் ஹோமைக் கேரவன் என்றே சொல்கிறது. 1960, 1968 ஆண்டுகளின் கேரவன் சட்டங்களில் இதற்கு வரையறை இருக்கிறது: மனிதர் வசிக்க ஏற்றதாக, ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டு பாதியாகக் கொண்டுவந்து அந்த இடத்திலேயே இணைக்கும் பெரிய வீடுகளும் இதில் அடங்கும். அளவுக்கும் வரம்பு உண்டு: நீளம் 20 மீட்டர், அகலம் 6.8 மீட்டர், உட்புற உயரம் 3.05 மீட்டர்.

அந்தச் செங்கல் பாவாடைக்குப் பின்னால் இரும்புச் சட்டகம் இருக்கிறது. அதன்மேல் மரச்சட்ட வீடு. கீழே இருக்கும் சிமென்ட் தளமும், சுற்றியுள்ள நிலமும், வளாகச் சாலையும் வளாக உரிமையாளருக்குச் சொந்தம். வீடு நிற்கும் அந்தத் துண்டு இடத்துக்குப் ‘பிட்ச்’ என்று பெயர். மாதாமாதம் அதற்குக் கட்டுவது பிட்ச் கட்டணம்.

சென்னையில் கோயில் மனையில் வீடு கட்டியிருப்பவர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மயிலாப்பூரில் கபாலீசுவரர் கோயில் மனையில் கட்டடம் குடியிருப்பவருடையது, அடிமனை கோயிலுடையது. அடிமனை வாடகை உயர்த்தப்படும்போதெல்லாம் தகராறு. 1921ஆம் ஆண்டின் சென்னை நகரக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டமாவது, கட்டடம் கட்டியவர் அடிமனையை விலைக்குக் கேட்க ஒரு வழி வைத்திருந்தது (கோயில் மனைகளுக்கு அந்த வழி 1996இல் அடைபட்டது). பார்க் ஹோம் சட்டத்தில் அப்படி ஒரு வழியே கிடையாது. எத்தனை ஆண்டு பிட்ச் கட்டணம் கட்டினாலும் அந்த மண்ணில் ஒரு பிடியும் உங்களுடையதாகாது.

‘நகர்த்தக் கூடிய வீடுதானே, உரிமையாளர் தொல்லை கொடுத்தால் வேறு வளாகத்துக்குக் கொண்டுபோகலாமே’ என்று தோன்றும். காகிதத்தில் முடியும். நடைமுறையில், காலிப் பிட்ச் வைத்திருக்கும் வேறொரு உரிமையாளர் அதில் புது வீட்டை வைத்து விற்று லாபம் பார்க்கவே விரும்புவார். உங்கள் பழைய வீட்டுக்கு இடம் தர அவருக்கு என்ன அவசியம்? ஆகவே சட்டம் நகரும் என்று சொல்லும் வீடு பெரும்பாலும் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. மற்ற எல்லாப் பிரச்சினைக்கும் வேர் இதுதான்.

இந்த ஏற்பாடு எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் கடுமையான வீட்டுப் பஞ்சம். ஆயிரக்கணக்கானோர் கேரவன்களில் குடியேறினார்கள். இவர்கள் நிலையை ஆராய்ந்த சர் ஆர்ட்டன் வில்சனின் அறிக்கை 1959இல் வெளிவந்தது. அதையொட்டி 1960 சட்டம் வந்தது. வளாகம் நடத்த உள்ளூர்க் கவுன்சிலிடம் உரிமம் வாங்க வேண்டும் என்றானது அப்போதுதான். குடியிருப்பவருக்கு உருப்படியான பாதுகாப்பு கிடைத்தது 1983ஆம் ஆண்டு மொபைல் ஹோம்ஸ் சட்டத்தில்.

அதிலும் ஓட்டை இருந்தது. வீட்டை விற்க வளாக உரிமையாளரின் சம்மதம் தேவைப்பட்டது. புது வீடு ஒன்றை வைத்து விற்பதில்தான் அவருக்கு அதிக லாபம் என்பதால், சிலர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வாங்க வருகிறவரை ஏதாவது சொல்லி விரட்டுவது. விற்க முடியாமல் தவிக்கும் முதியவரிடமிருந்து வீட்டை அடிமாட்டு விலைக்கு வாங்குவது. அதை இடித்து அப்புறப்படுத்திவிட்டு அதே பிட்சில் புது வீட்டை வைப்பது. 2012இல் நாடாளுமன்றத் தேர்வுக் குழு (செலக்ட் கமிட்டி) இதை விசாரித்து, முறைகேடுகள் பரவலாக இருப்பதாக அறிக்கை கொடுத்தது. மறு ஆண்டே மொபைல் ஹோம்ஸ் சட்டம் 2013 வந்தது. 26 மே 2013க்குப் பிறகு செய்யப்பட்ட ஒப்பந்தங்களில் விற்பனைக்கு உரிமையாளரின் சம்மதம் தேவையே இல்லை. அதற்கு முந்தைய ஒப்பந்தமானால், விற்கப்போவதாக அவருக்கு அறிவிப்பு கொடுக்க வேண்டும்; ஆட்சேபம் இருந்தால் 21 நாளுக்குள் அவர்தான் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும்.

பணம் மூன்று வழியாகப் போகிறது

1. வாங்கும் விலை. நிலம் இல்லாத சொத்து என்பதால் ஸ்டாம்ப் டியூட்டி இல்லை. 300,000 பவுண்டுக்கு ஒரு பங்களாவைக் குடியிருக்க வாங்கினால், 2025 ஏப்ரல் முதல் நடப்பிலுள்ள விகிதப்படி 5,000 பவுண்டு கட்ட வேண்டியிருக்கும். அது இங்கே மிச்சம். ஆனால் அதே காரணத்தால் வழக்கமான வீட்டு மோர்ட்கேஜும் கிடைக்காது. கையில் ரொக்கம் வேண்டும், அல்லது அதிக வட்டியில் தனிநபர் கடன் போன்ற ஒன்றை எடுக்க வேண்டும். நாளை உங்களிடம் வாங்க வருபவருக்கும் இதே நிலைதான், அதனால் வாங்குவோர் கூட்டமும் சிறியது.

2. பிட்ச் கட்டணம். ஆண்டுக்கு ஒருமுறை மறுபரிசீலனை செய்யலாம். 28 நாளுக்கு முன் உரிய படிவத்தோடு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உயர்வு பணவீக்கத்தை ஒட்டியே இருக்கும் என்பது சட்டத்தின் அனுமானம். 2 ஜூலை 2023 வரை அதற்குச் சில்லறை விலைக் குறியீடு அளவுகோல். அன்றிலிருந்து நுகர்வோர் விலைக் குறியீடு. பெயர் மாற்றம்தானே என்று நினைக்க வேண்டாம். 2022 அக்டோபரில் முதலாவது 14.2 சதவீதம், இரண்டாவது 11.1 சதவீதம். மாதம் 200 பவுண்டு கட்டுபவருக்கு உயர்வு 28.40 பவுண்டா, 22.20 பவுண்டா என்பதுதான் வித்தியாசம். அடுத்த ஆண்டு உயர்வு அந்தப் பெரிய தொகையின்மேல் ஏறும்.

   உயர்வை ஏற்காவிட்டால் பேசாமல் பழைய கட்டணத்தையே கட்டிவரலாம். வழக்குப் போட வேண்டியவர் உரிமையாளர். வளாகத்தின் நிலைமை மோசமாகியிருந்தால் அதைத் தீர்ப்பாயத்தில் காரணமாகக் காட்டவும் உரிமை உண்டு. இது தெரியாமலேயே படிவத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்புகிறவர்கள் அதிகம்.

3. விற்கும்போது 10 சதவீதம். பலருக்கும் இதுதான் அதிர்ச்சி. வீட்டை விற்றால் விலையில் 10 சதவீதம் வரை வளாக உரிமையாளருக்குக் கமிஷன் போக வேண்டும். வாங்குபவர் 90 சதவீதத்தை உங்களிடம் கொடுத்துவிட்டு மீதியை நேராக உரிமையாளரிடம் கட்டுவார். லாபத்தில் அல்ல, மொத்த விலையில் 10 சதவீதம். நஷ்டத்துக்கு விற்றாலும் உண்டு. ஆள் தேடிக் கொடுத்தவர் வேறொரு தரகர் என்றால் அவர் கூலி தனி.

உரிமையாளர்கள் தரப்பு வாதம் இது: கமிஷன் வருமானம் இருப்பதால்தான் பிட்ச் கட்டணத்தைக் குறைவாக வைக்க முடிகிறது, அதை வெட்டினால் மாதக் கட்டணம் ஏறும். வாதம் முற்றிலும் பொய்யல்ல. வேறு வருமானம் இல்லாத சிறிய வளாகங்கள் இருக்கின்றன. ஆனால் வேறு ஊருக்குப் போகவோ முதியோர் இல்லத்துக்குப் போகவோ வேண்டிய கட்டாயத்தில் விற்பவருக்கு இது வெளியேறும் வரி போலத்தான் இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எண்கள் உதாரணத்துக்காக மட்டும். 200,000 பவுண்டுக்குப் புது பார்க் ஹோம், மாதம் 220 பவுண்டு பிட்ச் கட்டணம், ஆண்டுக்கு 3 சதவீத உயர்வு, பத்தாண்டு கழித்து 140,000 பவுண்டுக்கு விற்பனை என்று வைத்துக்கொள்வோம்.

- கமிஷன் 14,000 போக கையில் வருவது 126,000. விலையில் இழப்பு 74,000 பவுண்டு.
- பத்தாண்டுப் பிட்ச் கட்டணம் ஏறத்தாழ 30,300 பவுண்டு.
- மொத்தம் ஏறத்தாழ 104,300. மாதத்துக்கு வகுத்தால் 869 பவுண்டு.

இதில் பழுதுபார்ப்பு, காப்பீடு, அந்தப் பணம் வங்கியில் ஈட்டியிருக்கக் கூடிய வட்டி எதுவும் சேரவில்லை. இருந்தாலும் தென்கிழக்கு இங்கிலாந்தில் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு மாத வாடகை என்று பார்த்தால் 869 குறைவுதான்! அதனால் பார்க் ஹோமைச் சொத்தாகக் கணக்கில் வைக்காமல், முன்பணம் கட்டி எடுத்த நீண்டகால வாடகை வீடாகக் கணக்கில் வைப்பதே சரி என்று நினைக்கிறேன். அப்படிப் பார்த்தால் பலருக்கு இது கட்டுப்படியாகும். ‘வீட்டு விலை எப்போதும் ஏறும்’ என்ற நினைப்போடு வாங்கினால்தான் கசப்பு. வீட்டு விலை ஏறுகிறது என்று நாம் சொல்லும்போது ஏறுவது பெரும்பாலும் மண்ணின் விலை. இங்கே மண் உங்களிடம் இல்லை.

புது வீட்டின் விலையிலேயே பிட்சின் இடமதிப்பும் சேர்த்து வைக்கப்பட்டிருக்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் விலைக்கும் வளாகத்தில் சொல்லும் விலைக்கும் உள்ள இடைவெளி அதுதான். முதல் ஆள் அந்த இடைவெளியைச் சுமக்கிறார். நல்ல நிலையில் உள்ள ஐந்தாறு ஆண்டு பழைய வீட்டை அங்கே குடியிருப்பவரிடமிருந்து வாங்குவது பெரும்பாலும் புத்திசாலித்தனம்.

இருக்கும் வீட்டை விற்றுவிட்டு மிச்சப் பணத்தில் காலம் தள்ளலாம் என்று கணக்குப் போடுபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. குறைந்த வருமானமுள்ள முதியோருக்கு அரசு தரும் பென்ஷன் கிரெடிட்டில் 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட சேமிப்பில் ஒவ்வொரு 500 பவுண்டுக்கும் வாரம் 1 பவுண்டு வருமானம் இருப்பதாகவே கணக்கிடுவார்கள். பிட்ச் கட்டணத்துக்கு ஹவுசிங் பெனிஃபிட் (வாடகைக்கு அரசு தரும் உதவி) கிடைக்க வாய்ப்பு உண்டு; ஆனால் பென்ஷன் கிரெடிட்டின் உத்தரவாதப் பகுதியைப் பெறாதவர் சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் அதுவும் இல்லை. கவுன்சில் வரி மட்டும் நிச்சயமான ஆறுதல்: பார்க் ஹோம்கள் வழக்கமாக வரி மிகக் குறைந்த ஏ பிரிவில் வரும், அதாவது டி பிரிவு கட்டுவதில் மூன்றில் இரண்டு பங்கு.

எவ்வளவு பாதுகாப்பு?

நினைப்பதைவிட அதிகம். காரணம் காட்டாமல் ‘காலி செய்’ என்று சொல்லிவிட முடியாது. காரணங்கள் இவை: ஒப்பந்தத்தை மீறி, அறிவிப்பு கொடுத்தும் திருத்திக்கொள்ளாதது. வீட்டை முதன்மை இருப்பிடமாக வைத்திருக்காதது. வளாகத்தின் தோற்றத்தைக் கெடுக்கும் அளவுக்கு வீடு பாழாய்ப் போனது. இவற்றில் ஒன்றைக் காட்டி, வெளியேற்றுவது நியாயம்தான் என்று நீதிமன்றத்தையும் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். வளாகம் கைமாறினாலும் உங்கள் ஒப்பந்தம் புது உரிமையாளரைக் கட்டுப்படுத்தும். வளாகத்தை நடத்துபவர் ‘தகுதியும் நேர்மையும் உள்ளவர்’ என்று கவுன்சில் பதிவேட்டில் இடம்பெற வேண்டும் என்பது 2021 முதல் விதி.

முதன்மை இருப்பிடம் என்ற நிபந்தனை, குளிர்காலத்தில் சென்னைக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போய் மாதக்கணக்கில் தங்குகிறவர்கள் யோசிக்க வேண்டியது. போய்வரத் தடையில்லை, ஆனால் உங்கள் வாழ்க்கையின் மையம் இங்கே இருக்க வேண்டும். அந்த மாதங்களில் வீட்டை வாடகைக்கு விடவும் பெரும்பாலும் முடியாது. பூட்டிக் கிடக்கும் வீட்டுக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் போடும் நிபந்தனைகளையும் வாசித்துக்கொள்ளுங்கள்.

வாரிசு விஷயத்தில்தான் நம் குடும்பங்கள் தடுமாற வாய்ப்பு. உங்களோடு அங்கேயே குடியிருந்த துணைவருக்கோ குடும்பத்தினருக்கோ ஒப்பந்தம் அப்படியே போகும். வேறிடத்தில் வாழும் மகனுக்கோ மகளுக்கோ உயிலில் எழுதிவைத்தால் வீடு அவர்களுக்கு வரும், அங்கே குடியிருக்கும் உரிமை வராது. விற்கலாம், 10 சதவீதத்தோடு. விற்கும்வரை பிட்ச் கட்டணமும் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தில் ஒருவருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தால் கமிஷன் இல்லை. ஆனால் பல வளாகங்களில் 50 அல்லது 55 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் குடியிருக்கக் கூடாது என்று விதி உண்டு. பேரப்பிள்ளைகள் வந்து போகலாம், தங்கி வளர முடியாது. மூன்று தலைமுறை ஒரே கூரையில் என்று நினைத்திருந்தால் இந்தப் பக்கமே வர வேண்டாம்.

குளிர், எரிவாயு, துரு

குடியிருப்புக்கான பார்க் ஹோம் பிஎஸ் 3632 என்ற பிரிட்டிஷ் தரத்தில் கட்டப்படுவது வழக்கம். 2005, 2015 ஆகிய ஆண்டுகளில் அந்தத் தரம் திருத்தப்பட்டபோது குளிர்காப்பு நன்றாக மேம்பட்டது; எனவே கட்டிய ஆண்டு முக்கியம். எழுபது, எண்பதுகளில் கட்டிய வீட்டுச் சுவர்கள் மெல்லியவை. பல வளாகங்களுக்குக் குழாய் எரிவாயு வராது, சிலிண்டரிலோ தொட்டியிலோ வரும் எரிவாயுவை நம்ப வேண்டும். மின்சாரத்தை உரிமையாளர் வாங்கி உங்களுக்கு மறுவிற்பனை செய்யலாம், ஆனால் தான் கொடுத்த விலைக்கு மேல் வசூலிக்கக் கூடாது. 2022இல் எரிசக்தி விலை எகிறியபோது அரசு தந்த 400 பவுண்டு உதவி, சொந்த மின் இணைப்பு இல்லாத பார்க் ஹோம்காரர்களுக்குத் தானாக வந்து சேரவில்லை. தனியாக விண்ணப்பிக்கும் வழி 2023 பிப்ரவரியில்தான் திறந்தது.

சிமென்ட் தளத்தைப் பழுதுபார்ப்பது உரிமையாளர் பொறுப்பு. அதன்மேல் நிற்கும் சட்டகம் துருப்பிடித்தால் அது உங்கள் பொறுப்பு.

கையெழுத்துக்கு முன்

வீட்டைச் சுற்றிக்காட்டும்போது எல்லோரும் பார்ப்பது சமையலறையை. பார்க்க வேண்டியது காகிதங்களை.

1. வளாகத்தின் திட்ட அனுமதி. கவுன்சிலிடம் நேரடியாகக் கேளுங்கள்: குடியிருப்புக்கா, விடுமுறைக்கா? ‘12 மாதமும் திறந்திருக்கும்’ என்பது குடியிருப்பு அனுமதி ஆகாது. விடுமுறை வளாகத்தில் வாங்கிவிட்டு அங்கேயே வாழ்ந்தால் மேலே சொன்ன 1983 சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லை. இதில் ஏமாந்தவர்களின் கதைதான் மற்ற எல்லாவற்றையும்விட மோசம், ஏனென்றால் பிறகு சரிசெய்ய வழியே இல்லை.
2. அனுமதிக்குக் காலக்கெடு. தற்காலிக அனுமதி என்றால் அது முடியும் நாளில் உங்கள் ஒப்பந்தமும் முடியும். நிலத்தை உரிமையாளரே குத்தகைக்கு எடுத்திருந்தால் அவர் குத்தகை முடியும்போதும் அப்படியே.
3. எழுத்து மூல ஒப்பந்தம். உரிமையாளரிடமிருந்து வாங்கினால் 28 நாளுக்கு முன்பே தர வேண்டும். இது நிலப் பதிவேட்டில் ஏறாத விற்பனை என்பதால் வழக்கறிஞர் இல்லாமலே முடித்துவிடலாம் என்பார்கள். முடித்துவிடலாம்தான், ஆனால் ஒருவரிடம் காட்டுங்கள். லீஸ்ஹோல்டு ஆலோசனைச் சேவை என்ற அரசு ஆதரவு அமைப்பு பார்க் ஹோம்களுக்கும் இலவசமாக வழிகாட்டுகிறது.
4. மூன்று ஆண்டுப் பிட்ச் கட்டண ரசீதுகள். விற்பவரிடம் கேளுங்கள். தரத் தயங்கினால் காரணம் கேளுங்கள்.
5. பழைய வீட்டுக்கு சர்வேயர் (வீட்டின் நிலையைச் சோதித்துச் சொல்பவர்). சட்டகத்தையும் ஈரத்தையும் பார்க்கத் தெரிந்தவராக இருக்கட்டும்.
6. வீட்டை வாங்கிக்கொண்டு மாற்றாக பார்க் ஹோம் தரும் திட்டங்கள். வேகமாக முடியும், அந்த வேகத்துக்கு உங்கள் பழைய வீட்டின் விலையில் பிடித்துக்கொள்வார்கள். முதலில் சுதந்திரமான மதிப்பீடு ஒன்று வாங்குங்கள்.
7. அக்கம்பக்கம். ஜூன் மாத வெயிலில் எல்லா வளாகமும் அழகுதான். பிப்ரவரியில், மழை பெய்த மறுநாள் போங்கள். சாலையில் தண்ணீர் தேங்குகிறதா, விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். குடியிருப்போர் சங்கம் இருக்கிறதா என்று விசாரியுங்கள். பாதி வீடுகளாவது உறுப்பினரானால் உரிமையாளர் சட்டப்படி அங்கீகரித்துக் கலந்தாலோசிக்க வேண்டிய சங்கமாக அது ஆகலாம். அப்புறம், விற்பனை அலுவலர் கூட வராத நேரமாகப் பார்த்து இரண்டு வீட்டுக் கதவைத் தட்டிப் பேசுங்கள். கடைசியாக இங்கே வீடு விற்றவருக்கு எத்தனை மாதம் ஆனது என்று கேளுங்கள்.